என்எஃப்சி நார்த் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க: புதிதாக வந்தவர்களுக்கு

சிகாகோ, மினியாபொலிஸ், டெட்ராய்ட், மில்வாக்கி பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்களுக்கு, செப்டம்பர் பிறந்தால் திங்கட்கிழமை காலைகள் ஒரு மாதிரியாகிவிடும். ஆபீஸில் எல்லாரும் முந்தைய நாள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருதரம் நேரில் போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றும். ஆட்டத்தைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. தேதி, டிக்கெட், பார்க்கிங், குளிர் என்று மற்றதெல்லாம்தான் ஆளை அலைக்கழிக்கும். அணிகளின் இணையதளங்கள் சின்ன வயதிலிருந்தே மைதானத்துக்குப் போய்ப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் சந்தேகங்களுக்கு அங்கே பதில் கிடைக்காது. அங்கே இங்கே கேட்டு, முட்டிமோதித் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என்எஃப்சி நார்த் என்பது இந்தப் பக்கத்து நான்கு அணிகள் சேர்ந்த பிரிவு, அதாவது டிவிஷன். அதன் பழைய கதைகளுக்குள் போகவில்லை.

1. முதலில் டிவிஷன் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். நான்கு நான்காகப் பிரித்தால் எட்டு டிவிஷன். அவற்றில் ஒன்று என்எஃப்சி நார்த்: சிகாகோ பேர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ். இதே நால்வர் என்ற அமைப்பு 2002-லிருந்து இருக்கிறது. ஓர் அணிக்கு ஒரு சீசனில் 17 ஆட்டங்கள். அதில் ஆறு தன் டிவிஷனுக்குள்ளேயே. மற்ற மூன்று அணிகளோடும் சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், அட்டவணை வருவதற்கு முன்பே மூன்று ஆட்டங்கள் உறுதி. நீங்கள் மினியாபொலிஸில் இருந்தால், ஒவ்வொரு சீசனிலும் பேக்கர்ஸும் பேர்ஸும் லயன்ஸும் உங்கள் ஊருக்கு ஒருமுறை வந்தே தீர வேண்டும். மற்ற எதிரணிகள் வருடா வருடம் மாறும்.

டிவிஷன் ஆட்டத்தையே ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், அங்கேதான் பகை அதிகம், சூடும் அதிகம். டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு, சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்றான ப்ளே-ஆஃபில் குறைந்தது ஓர் ஆட்டமாவது சொந்த மைதானத்தில் கிடைக்கும். 2024 சீசனில் லயன்ஸ் 15 வெற்றி, வைக்கிங்ஸ் 14 வெற்றி. 14 ஆட்டங்கள் ஜெயித்தும் வைக்கிங்ஸ் இரண்டாமிடம்தான். ப்ளே-ஆஃபுக்கு வெளியூர் போக வேண்டியதாயிற்று. கடைசி வாரத்தில் அந்த இரண்டு அணிகளும் டெட்ராய்ட்டில் மோதிய ஆட்டம்தான் அதை முடிவு செய்தது.

2. மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு, அதுவும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, என் பரிந்துரை மினியாபொலிஸ் அல்லது டெட்ராய்ட். இரண்டும் முழுக்கக் கூரை போட்ட மைதானங்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சட்டையோடு உட்காரலாம். மினியாபொலிஸின் யு.எஸ். பேங்க் ஸ்டேடியத்தில் இன்னொரு வசதி, லைட் ரயில் வாசலிலேயே நிற்கும். விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைனில் ஏறினால் நேராக மைதானம். நான்கில் கார் இல்லாமல் போய்வர இதைவிட எளிதான இடம் கிடையாது.

டெட்ராய்ட்டின் ஃபோர்ட் ஃபீல்ட் டவுன்டவுனுக்குள் இருக்கிறது. ஆனால் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ரயில் இல்லை. கார் அல்லது டாக்சி செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் ஏரிக்கரையில் இருக்கும் திறந்த மைதானம். சுமார் 61,500 இருக்கைகள்தான், என்எஃப்எல்லிலேயே சிறியது, அதனால் டிக்கெட் விலையும் இறங்கி வராது. காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சிடிஏ என்ற நகர ரயிலில் ரூஸ்வெல்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். மெட்ரா எலெக்ட்ரிக் என்ற புறநகர் ரயில் தடத்தில் வருபவர்களுக்கு மியூசியம் கேம்பஸ் நிறுத்தம் இன்னும் பக்கம்.

கிரீன் பே தனி ரகம். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சம் சொச்சம். லாம்போ ஃபீல்டில் 81,000-க்கு மேல் உட்காரலாம். ஆட்ட நாளில் ஊரே மைதானத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்குதாரர்களான ரசிகர்களே சொந்தக்காரர்கள். வாழ்க்கையில் ஒரே ஓர் ஆட்டம்தான் பார்ப்பேன் என்பவர் இங்கேதான் போக வேண்டும், முடிந்தால் பேர்ஸ் வரும் நாளில். இந்த இரண்டு அணிகளும் 1921-லிருந்து மோதிக்கொண்டிருக்கின்றன, இருநூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் நான்கில் செலவும் குளிரும் திட்டமிடலும் அதிகம் கேட்கும் இடமும் இதுதான்.

3. தேதி: இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

அட்டவணை மே மாதம் நடுவில் வரும். சீசன் செப்டம்பர் முதல் பாதியில் தொடங்கி ஜனவரி முதல் பாதியில் முடியும். அட்டவணையில் ஞாயிறு பகல் என்று போட்டிருந்தால் அது கடைசிவரை அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நல்ல ஆட்டங்களை டிவிக்காக நேரம் மாற்றும் உரிமை என்எஃப்எல்லுக்கு உண்டு. ஃப்ளெக்ஸ் என்று சொல்வார்கள்.

ஞாயிறு பகல் ஆட்டம் ஞாயிறு இரவுக்கு மாறலாம். சாதாரணமாக 12 நாள் முன்னதாகச் சொல்வார்கள். டிசம்பரில் வரும் 14-ஆம் வாரம் முதல் 17-ஆம் வாரம் வரை 6 நாள் முன்னதாகச் சொன்னாலே போதும். சீசனின் பின்பாதியில் திங்கள் இரவுக்கும் தள்ளுவார்கள். வியாழனுக்கு மாற்றவும் விதி இருக்கிறது, அதற்கு மட்டும் சில வாரங்கள் முன்னறிவிப்பு தருவார்கள். 18-ஆவது வாரம், அதாவது கடைசி வாரம், எல்லாமே டிவிஷன் ஆட்டங்கள். அவை சனியா ஞாயிறா, எத்தனை மணிக்கு என்பதே முந்தைய வாரத்து ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் தெரியும்.

நேரம் மாறினால் டிக்கெட் பணம் திரும்ப வராது. அதே டிக்கெட் புது நேரத்துக்குச் செல்லும், அவ்வளவுதான். ஞாயிறு இரவு ஆட்டம் மத்திய நேரப்படி 7:20-க்குத் தொடங்கி, பத்தரை மணி வாக்கில் முடியும். கிரீன் பேயிலிருந்து சிகாகோவுக்குக் காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். திங்கள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் இருப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே: செப்டம்பர் அல்லது அக்டோபர் ஆட்டமாகப் பாருங்கள். அப்போது மாற்றமும் குறைவு, குளிரும் குறைவு. டிசம்பர்தான் முடியும் என்றால் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல், மாற்றக்கூடிய விமான டிக்கெட், திங்கட்கிழமைக்கு லீவு, மூன்றும் வேண்டும்.

இன்னொரு பொறி நேர மண்டலம். டெட்ராய்ட் கிழக்கு நேரம். மற்ற மூன்றும் மத்திய நேரம். அட்டவணைகள் பெரும்பாலும் கிழக்கு நேரத்தில்தான் போட்டிருக்கும். "1 மணி ஆட்டம்" என்றால் சிகாகோவிலும் கிரீன் பேயிலும் பகல் 12 மணி. சிகாகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்குக் காரில் போகிறவர்களுக்கு வழியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். அன்றும் ஆட்டம் உண்டு.

தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காவது வியாழன்) அன்று லயன்ஸ் டெட்ராய்ட்டில் ஆடுவது 1934-இல் தொடங்கிய வழக்கம். கிழக்கு நேரப்படி நண்பகலை ஒட்டித் தொடங்கும், சரியான நேரத்தை அந்த வருட அட்டவணையில் பாருங்கள். எதிரணி அடிக்கடி இந்த டிவிஷனிலிருந்தே வரும். நமக்கு அன்று விடுமுறை, வேறு வேலையும் இருக்காது. தேதி மாறாத ஆட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்லது. விமான டிக்கெட் விலைதான் அந்த வாரத்தில் கண்ணைக் கட்டும்.

4. டிக்கெட் வாங்குவது

அணியிடம் நேரடியாக வாங்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பேக்கர்ஸின் சீசன் டிக்கெட் 1960-லிருந்து விற்றுத் தீர்ந்தே இருக்கிறது; காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உங்களுக்குக் கிடைப்பது ஏற்கெனவே வைத்திருப்பவர் மறுவிற்பனைக்குப் போடும் டிக்கெட். டிக்கெட்மாஸ்டர், ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற தளங்களில் வாங்கலாம்.

விலையைப் பார்க்கும்போது கட்டணங்களெல்லாம் சேர்ந்த மொத்த விலையா என்று பாருங்கள். 2025 மே முதல் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி வந்துவிட்டது. பழைய அனுபவத்தில், "கடைசியில் முப்பது டாலர் ஏறும்" என்று நண்பர்கள் சொன்னால் அது அந்தக் காலக் கதை. டிவிஷன் ஆட்டத்துக்கு ஓர் இருக்கைக்கு 150 டாலரிலிருந்து 300 டாலர் வரை ஒதுக்கி வையுங்கள். இரண்டு அணிகளும் நன்றாக ஆடும் வருடத்தில் அதற்கு மேலும் போகும். நான் பார்த்தவரை ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் விலை கொஞ்சம் இறங்கும், அதுவும் வானிலை மோசம் என்று தெரிந்தால் நன்றாகவே இறங்கும். உள்ளூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கலாம். வெளியூரிலிருந்து ஹோட்டல் போட்டு வருகிறவர் அந்தச் சூதாட்டத்துக்குப் போக வேண்டாம்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஆகஸ்டில் ப்ரீசீசன் ஆட்டங்கள், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள், நடக்கும். பெரிய வீரர்கள் அதிகம் ஆட மாட்டார்கள், ஆனால் விலை பல மடங்கு குறைவு, குளிர் இல்லை, மைதானம் அதே மைதானம். குழந்தைகளுக்கு இதுவே போதும் என்பேன்.

டிக்கெட் காகிதத்தில் வராது. போனில்தான். பார்கோடு மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் வாசலில் செல்லாது. நண்பர்களோடு போனால் அவரவர் டிக்கெட்டை அவரவர் கணக்குக்கு முன்னதாகவே மாற்றி அனுப்பிவிடுங்கள். மைதான வாசலில் எண்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் நெட்டைப் பயன்படுத்தும்போது அதைச் செய்யாதீர்கள். ஆட்ட நாளுக்கு முன்பே டிக்கெட்டை போனின் வாலட்டில் ஏற்றிவிட்டால் நெட் இல்லாவிட்டாலும் உள்ளே போகலாம்.

வாட்ஸ்அப் குழுவில் "அவசரமாக விற்கிறேன், ஸெல்லில் (Zelle என்ற பணம் அனுப்பும் சேவை) பணம் போடுங்கள்" என்று வருவதைத் தொடாதீர்கள். ஸெல்லில் போன பணம் போனதுதான். தெரிந்தவரிடம் வாங்கினாலும் டிக்கெட் உங்கள் கணக்குக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.

இருக்கை: லாம்போவில் பெரும்பகுதி நாற்காலி கிடையாது. நீளமான அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருக்கும். குளிர்காலத்தில் எல்லாரும் தடிமனான கோட்டோடு வந்தால் உங்கள் எண்ணில் பாதிதான் உங்களுக்கு மிஞ்சும். முதுகு வலி உள்ளவர், பெற்றோரை அழைத்துப் போகிறவர் இதைப் பார்த்து வாங்குங்கள். குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். வாங்கும் முன் அணியின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

5. ஆவணங்கள்

டிக்கெட்டுக்கும் அடையாள அட்டைக்கும் சம்பந்தமில்லை, வாசலில் பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் மற்ற இடங்களில் கேட்பார்கள்.

பீர் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு அட்டை காட்ட வேண்டும். தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள். அமெரிக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள். இந்திய உரிமத்தையோ ஆதாரையோ காட்டிப் பயனில்லை. விமானத்தில் போவதானால் 2025 மே மாதத்திலிருந்து ரியல் ஐடி வகை உரிமம் கேட்கிறார்கள். அது இல்லாதவருக்கும் பாஸ்போர்ட் போதும். விசாவில் இருப்பவர்கள் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் பதிவு) பிரதியையும் கையோடு வைத்திருங்கள்.

டெட்ராய்ட்டுக்கு எதிரே ஆற்றின் அக்கரை கனடாவின் விண்ட்ஸர். அங்கே ஹோட்டல் மலிவாகத் தெரியும், தூரமும் சில மைல்தான். ஆனால் அது வேறு நாடு. அமெரிக்க கிரீன் கார்டு இல்லாமல் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் இருப்பவருக்கு கனடா விசா வேண்டும், திரும்பி வரும்போது அமெரிக்க விசா முத்திரை செல்லுபடியாக இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். ஆட்டத்துக்காக இந்த வம்பு வேண்டாம்.

டொரண்டோ பக்கத்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் அங்குள்ள நம்மவர்கள் சிலர் கேட்பதுண்டு. கனடாக் குடியுரிமை பெற்றவருக்கு விசா வேண்டாம். நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்று இலங்கை அல்லது இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்காவின் பி1/பி2 வருகையாளர் விசா கட்டாயம். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். நேர்முகத்துக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், டிக்கெட்டை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

6. தங்குவது, போவது, காரை நிறுத்துவது

கிரீன் பேக்கு மட்டும்தான் இந்தப் படி முக்கியம். மற்ற மூன்றும் பெருநகரங்கள், எப்படியும் சமாளித்துவிடலாம்.

கிரீன் பேயில் மே மாதம் அட்டவணை வந்த அன்றே ஹோட்டல் விலை ஏறும். பல ஹோட்டல்கள் ஆட்ட வார இறுதியில் இரண்டு இரவு எடுத்தால்தான் அறை கொடுப்பார்கள். அட்டவணை வெளியாகும் நாளில், ரத்து செய்யக்கூடிய அறையாக ஒன்றைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு டிக்கெட் தேடுங்கள். சுமார் 30 மைல் தள்ளி ஆப்பிள்டன் ஊர் இருக்கிறது. அங்கே விலை குறைவு. மில்வாக்கியில் தங்கி இரண்டு மணி நேரம் ஓட்டிப் போவதும் நடைமுறையில் சரிவரும். சிகாகோவிலிருந்து மில்வாக்கி வரை ஆம்ட்ராக் ரயில் உண்டு, கிரீன் பேவரை கிடையாது.

மைதானத்தின் சொந்த பார்க்கிங்கை முன்னதாகவே வாங்க வேண்டும். ஆனால் லாம்போவைச் சுற்றி வீடுகள்தான். வீட்டுக்காரர்கள் புல்வெளியில் காரை நிறுத்தவிட்டுக் காசு வாங்குவார்கள். 20 டாலரிலிருந்து 60 டாலர் வரை, வாசலுக்கு எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்து. சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் இன்னொரு காரை நிறுத்தி அடைத்துவிடுவார்களா என்று கேட்டுவிட்டே சாவியைத் திருப்புங்கள்.

7. பையும் உடையும்

கைப்பை, முதுகுப்பை எதையும் உள்ளே விட மாட்டார்கள். என்எஃப்எல் முழுக்க ஒரே விதி: தெளிவாக உள்ளே தெரியும் ப்ளாஸ்டிக் பை, 12-க்கு 6-க்கு 12 அங்குலத்துக்குள். அல்லது ஒரு காலன் அளவு ஜிப்லாக் பை. அதோடு உள்ளங்கை அளவு சின்ன பர்ஸ் ஒன்று, 4.5-க்கு 6.5 அங்குலத்துக்குள். மளிகைக் கடையில் ஜிப்லாக் வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது. குழந்தையின் டயப்பர் பைக்கும், மருந்துக்கும் தனி வாசலில் சோதனை உண்டு. கம்பளிப் போர்வையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். உட்காரும் குஷன் கொண்டு போனால் ஜிப்போ பாக்கெட்டோ இல்லாததாகப் பாருங்கள்.

நவம்பருக்குப் பிறகு திறந்த மைதானத்துக்குப் போனால், நடப்பதற்குப் போடும் உடை போதாது. அசையாமல் மூன்று மணி நேரம் உட்காரும் குளிர் வேறு. பருத்தி பனியன் வேர்வையில் நனைந்து உடம்பைச் சில்லிடவைக்கும்; கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத கோட். கால்தான் முதலில் விறைக்கும், ஏனென்றால் கீழே வெறும் கான்கிரீட். உள்ளூர்க்காரர்கள் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். கேலி செய்யாமல் நீங்களும் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். டிக்கெட்டும் பணமும் போனில் இருப்பதால் அதைக் கோட்டின் உள்பாக்கெட்டில், உடம்போடு ஒட்டி வையுங்கள். சின்ன பவர்பேங்க் ஒன்று அவசியம். உள்ளே கடைகளில் நோட்டு வாங்க மாட்டார்கள், கார்டு அல்லது போன்தான்.

8. ஆட்ட நாள்

பார்க்கிங் மைதானங்கள் ஆட்டத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்பே திறக்கும். அங்கே காரின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டிச் சாப்பிடுவதுதான் டெய்ல்கேட். உண்மையைச் சொன்னால் பலர் இதற்காகவே வருகிறார்கள். நீங்கள் புளியோதரை டப்பாவைத் திறந்தால் பக்கத்துக் காரிலிருந்து ஆள் வந்து என்னவென்று கேட்பார். வீட்டுச் சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். உள்ளே சைவம் என்றால் ப்ரெட்ஸல், நாச்சோஸ், விஸ்கான்ஸினில் பொரித்த சீஸ் கர்ட், அவ்வளவுதான். அங்கே விற்கும் பிராட்வர்ஸ்ட் என்ற சாஸேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சி.

வாசல் இரண்டு மணி நேரம் முன்னால் திறக்கும். கடைசி அரை மணியில் வரிசை நீளும், அதற்கு முன்பே போய்விடுங்கள். எதிரணி ஜெர்சி போட்டுக்கொண்டு போனால் கிண்டல் நிச்சயம், ஆபத்து பொதுவாக இல்லை. எந்த அணி என்று முடிவு செய்யாதவர் இரண்டிலும் சேராத நிறத்தில் போவது நல்லது.

ஆட்டத்துக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 15 நிமிடக் கால்பகுதி நான்கு, ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு. இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தருவார், கேட்காவிட்டாலும். எதிரணி மூன்றாவது வாய்ப்பில் இருக்கும்போது கூட்டம் கத்தும், நீங்களும் கத்துங்கள். நம் அணி கையில் பந்து இருக்கும்போது மட்டும் கத்தாதீர்கள். சொந்த வீரர்களுக்கே காது கேட்காமல் போகும், சுற்றியிருப்பவர்கள் முறைப்பார்கள்.

9. மைதானத்துக்குப் போக முடியாதவர்கள்

உள்ளூர் அணியின் ஆட்டத்துக்கு எந்தச் சந்தாவும் வேண்டாம். 20, 30 டாலருக்கு ஒரு ஆன்டெனா வாங்கி டிவியில் செருகினால் சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி இலவசமாக வரும். திங்கள் ஆட்டம் இஎஸ்பிஎன்னிலும் வியாழன் ஆட்டம் அமேசான் பிரைமிலும் இருந்தாலும், ஆடும் இரண்டு அணிகளின் ஊர்களில் அதை உள்ளூர் சேனல் ஒன்றிலும் காட்டுவார்கள். வேறு ஊர் அணிகளின் ஞாயிறு பகல் ஆட்டம் வேண்டும் என்றால் யூடியூபில் சண்டே டிக்கெட். சீசனுக்குப் பல நூறு டாலர் ஆகும், முதல் வருடமே வாங்க வேண்டாம்.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு டசோன் தளத்தில் கேம் பாஸ் இருக்கிறது. கிழக்கு நேரம் பகல் 1 மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி 11:30. ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் காலை 5:50 அல்லது 6:50. எல்லா ஆட்டமும் பார்க்க முடியாதவர் டிசம்பரை மட்டும் தவறவிடாதீர்கள், டிவிஷன் யாருக்கு என்பது பெரும்பாலும் அப்போதுதான் தீர்மானமாகும்.